ஆரையம்பதிக் கடைக்குக் கீழே வந்த கேள்வி

எங்கள் பக்கத்தில் யாரும் யாருக்கும் மூன்று நட்சத்திரம் போட மாட்டார்கள். ஐந்து போடுவார்கள், இல்லாவிட்டால் வாயை மூடிக்கொண்டு இருப்பார்கள். இந்தச் சின்ன விஷயம் விளங்குவதற்குள் எங்கள் டிப்ளோமாப் படிப்பில் பாதி வருடம் போய்விட்டது.

கடைசி வருடத் திட்டத்துக்காக நானும் என்னோடு படித்த ஒருத்தியும் சேர்ந்து ஓர் இணையத்தளம் செய்தோம். மட்டக்களப்பு வாவியைச் சுற்றியிருக்கிற சாப்பாட்டுக் கடை, தையல் கடை, சலூன், ரியூஷன் வகுப்பு, மோட்டார் சைக்கிள் திருத்துகிற இடம் எல்லாவற்றுக்கும் ஆளுக்கொரு பக்கம். போய் வந்தவர்கள் நல்லது கெட்டதை எழுதலாம், நட்சத்திரம் போடலாம், தெரியாததைக் கேட்கலாம். உலகத்தில் எவனெவனோ எப்போதோ செய்து முடித்த வேலைதான். ஆனால் தமிழில் செய்கிறோம், எங்கட கடைகளை வைத்துச் செய்கிறோம் என்று எனக்குத் தலைகால் தெரியாத பெருமை. காரைநகரிலிருந்து பொத்துவில் வரைக்கும் இது பரவும் என்று வகுப்பில் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அவள் மட்டும் சிரித்தாள். "முதல்ல கல்லடிப் பாலத்தத் தாண்டட்டும்கா" என்றாள்.

அவள் ஊர் ஆரையம்பதி. அவளுடைய அப்பா அங்கே மெயின் ரோட்டில் வலை நூலும் தூண்டிலும் மிதவையும் விற்கிற கடை வைத்திருந்தார். நான் வாவிக்கு மேற்கே, வவுணதீவு. வயல் வட்டையில் வேளாண்மை செய்கிற வீடு. எனக்குக் கீழே இரண்டு தங்கச்சிமார். எங்கள் பக்கத்து வழக்கம் தெரியாதவர்களுக்காக இதைச் சொல்லிவிட வேண்டும்: இங்கே வீடு பெண்பிள்ளைக்குத்தான். கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் மூட்டை கட்டிக்கொண்டு பெண் வீட்டுக்கு வருவார். ஆகவே பெண்பிள்ளை இருக்கிற வீட்டில் அப்பனும் அண்ணனும் வீடு கட்டி முடிக்கும் வரைக்கும் நிம்மதியாகச் சோறு தின்ன முடியாது. என் தங்கச்சிமார் இரண்டு பேருக்கும் அத்திவாரம்கூட வெட்டவில்லை. அந்த நிலைமையில் அண்ணன்காரன் தன் கலியாணத்தைப் பற்றி வாய் திறந்தால் ஊர் காறித் துப்பும். அவளுக்கோ வீடு கட்டி, மாபிள் பதித்து, பெயின்ற் அடித்து எல்லாம் முடிந்திருந்தது. வர வேண்டியது மாப்பிள்ளை மட்டுந்தான்.

வேலையை இப்படிப் பிரித்துக்கொண்டோம். கணினியில் எழுதுவதெல்லாம் அவள். கடை கடையாக ஏறி விபரம் எடுப்பது நான். ஆனால் நான் தனியே போனால் கடைக்காரர்கள் வரி அறவிட வந்தவனைப் போலப் பார்த்தார்கள். அவள் வந்தால் கதிரை போட்டார்கள். அதனால் என் பழைய மோட்டார் சைக்கிளின் பின்னால் அவளையும் ஏற்றிக்கொண்டு திரிய வேண்டி வந்தது. காத்தான்குடியில் ஒரு புடைவைக் கடை முதலாளி நாங்கள் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நட்சத்திரமெல்லாம் அல்லாஹ்ட வானத்தில கிடக்கு தம்பி, என்ட கடைக்கு என்னத்துக்கு?" என்றார். கேட்டுவிட்டு இரண்டு பேருக்கும் பிளேன்டி வரவழைத்தார். "ரெண்டு பேரும் நல்லா இரிக்கோணும்" என்று வேறு சொன்னார். அவள் வெளியே வந்து ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டே, "மனிசன் என்ன நினைச்சிட்டார் பாத்தியா?" என்று கேட்டாள். நான் சாவியைத் தேடுவது போலக் குனிந்துகொண்டேன்.

எனக்கு அவளில் விருப்பம். இதைச் சுற்றி வளைத்துச் சொல்லிப் பயனில்லை. ஏதாவது பிழைத்தால் "ஐயோ சாமி" என்று நெற்றியில் அடித்துக்கொள்வாள், பிறகு செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, ஒரு காலை மடித்துக் கதிரையில் ஏற்றிக்கொண்டு முதலிலிருந்து பார்ப்பாள். பிழை பிடிபட்டதும் மேசையில் ஒரு தட்டு. அந்தத் தட்டைக் கேட்பதற்காகவே நான் பக்கத்தில் வேலை இருக்கிற மாதிரி இருந்திருக்கிறேன். அவளுக்குத் தெரியுமா தெரியாதா என்று அப்போது எனக்குத் தெரியாது.

தளத்தை ஆரம்பித்த பிறகு வந்த கருத்துகளைப் பார்த்து எனக்கு விசர் பிடித்தது. ஒரு தயிர்க் கடைக்குக் கீழே, "நல்ல மனிசன். என்ட மருமகன்ட சித்தப்பா." ஐந்து நட்சத்திரம். தயிரைப் பற்றி ஒரு சொல் இல்லை. ஒரு சலூனுக்கு, "அவர்ட அப்பாவும் நல்லா வெட்டுவார்." ஐந்து. எல்லாரும் எல்லாருக்கும் ஏதோ ஒரு வழியில் சொந்தம், நாளைக்குக் கோயிலில் முகத்தில் முழிக்க வேண்டும், பிறகு எப்படி மூன்று போடுவது? நான் பொறுக்க முடியாமல், நகரத்தில் ஒரு கொத்துரொட்டிக் கடையைப் பற்றி உள்ளதை உள்ளபடி எழுதினேன். சம்பலில் தேங்காயைத் தவிர எல்லாம் இருக்கிறது என்றும், இறைச்சியைக் கண்டால் அறியத் தரவும் என்றும் எழுதி இரண்டு நட்சத்திரம் போட்டேன். கடைக்காரர் அவளுடைய அப்பாவின் ஒன்றுவிட்ட தம்பியாம். அவள் வீட்டில் பெரிய கூத்து. அடுத்த நாள் அவள் வந்து என்னை ஏசிய ஏச்சு இன்னும் காதில் கிடக்கிறது.

அதன் பிறகுதான் அந்த ஒழுங்கைக் கொண்டுவந்தாள். எங்கள் இருவரில் ஒருவர் எதை எழுதினாலும் மற்றவர் வாசித்து, "வெளியிடு" என்ற பொத்தானை அமத்தினால்தான் அது ஊருக்குத் தெரியும். அமத்தும் வரைக்கும் எழுதியவர் அதைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம், அதற்கும் ஒரு பொத்தான். ஊராட்கள் கேட்கிற கேள்விகள் மட்டும் கேட்ட உடனேயே தெரியும், அதை நாங்கள் தடுக்கவில்லை. கேள்வியில் என்ன வந்துவிடப் போகிறது என்று நினைத்தோம்.

வந்தது. ஒரு இரும்புக் கடைக்குக் கீழே, "இவர்ட ரெண்டாவது மகன் குடிக்கிறவரா?" என்று ஒருவர் கேட்டிருந்தார். நாங்கள் அழித்தோம். அதற்குள் மூன்றாம் மனிதர் ஒருவர் வந்து, "முன்னம் குடிச்சவர், இப்ப இல்ல" என்று பதிலும் எழுதிவிட்டிருந்தார். பிறகு ஒரு ரியூஷன் ஆசிரியரின் பக்கத்தில், "சேருக்கு எத்தின தங்கச்சி? வீடு குடுத்தாச்சா?" என்று கேள்வி. எங்களுக்கு அப்போதுதான் விளங்கியது. கலியாணம் பேசும்போது இங்கே விசாரிப்பார்கள். மாப்பிள்ளையின், பொம்பிளையின் வீட்டுக்குப் பக்கத்துக் கடையில் போய் ஒரு சோடா வாங்கிக் குடித்துக்கொண்டு, யாரையோ தேடி வந்தவர் மாதிரி மெதுவாகக் கதை விடுவார்கள். இப்போது பாதிச் சொந்தம் வெளிநாட்டில். அவர்களுக்குச் சோடா குடிக்க ஒரு கடை வேண்டியிருந்தது, நாங்கள் கட்டிக் கொடுத்துவிட்டோம். அவள் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். "படிச்சுப் படிச்சு நாம கலியாணத் தரகராப் போனம்கா" என்றாள். நானும் சிரித்தேன்.

ஒரு நாள் மதியம், கணினி அறையில் எல்லாரும் சாப்பிடப் போயிருந்தார்கள். அவள் திரையை என் பக்கம் திருப்பினாள். அவளுடைய அப்பாவின் கடைப் பக்கம். கீழே, பெயர் போடாமல் ஒரு கேள்வி: "இந்தக் கடைக்கார ஐயாட மகள் எப்பிடி? கம்பியூட்டர் படிக்கிற எண்டாங்க. ஒரு பொடியனோட மோட்டார் சைக்கிள்ல திரியிற எண்டும் கதை அடிபடுது. அறிஞ்சவங்க மறைக்காமச் சொல்லுங்க."

"உன்னப் பத்தி ஊரே கேக்குது" என்று சொல்லிச் சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு வரவில்லை.

"அழிச்சி விடுவம்" என்றேன்.

"கனபேர் பாத்திட்டாங்க. இப்ப அழிச்சா மெய் எண்டுதான் எடுப்பாங்க. யாராவது பதில் சொல்லோணும்."

யார் சொல்வது என்று அவள் சொல்லவில்லை. சாப்பாட்டுப் பார்சலை எடுத்துக்கொண்டு எழும்பிப் போய்விட்டாள்.

அடுத்த நாள் அவளுடைய அம்மா எனக்குப் போன் எடுத்து, வீட்டுக்கு ஒருக்கா வந்து போகச் சொன்னார். அவள் வீட்டில் இல்லாத நேரமாகப் பார்த்துத்தான் கூப்பிட்டிருந்தார். போனவுடனே பிட்டும் மீன் குழம்பும் போட்டுக் கொடுத்து, முன்னால் இருந்து நான் தின்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார். நல்ல மனுசி. அதனால்தான் அவரில் கோபப்பட எனக்கு இன்றுவரை முடியவில்லை.

"மனே, கல்குடாப் பக்கத்தில ஒரு இடம் பொருந்தி வந்திரிக்கி. பாங்கில வேலை, குடி வெறி ஒண்டும் இல்லாத பொடியன். அந்தப் பொடியன்ட பெரியம்மா வெளிநாட்டில இரிக்கா. அவதான் கேட்டிருக்கா, எங்களுக்குத் தெரியும்."

"ஓம் அன்ரி."

"நீதானே அத நடத்துற. ஒரு வசனம் எழுதி விடு மனே. படிப்புக்குத்தான் திரிஞ்ச, வேற ஒண்டும் இல்ல எண்டு. கூடத் திரிஞ்ச பொடியனே வந்து சொன்னாத்தான் அதுக்கு மதிப்பு."

நான் பிட்டைப் பிசைந்துகொண்டிருந்தேன். எங்களுக்குள் ஏதும் இருக்கிறதா என்று அவர் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேனோ. அவர் கெட்டிக்காரி, கேட்கவில்லை.

"உன்ட வீட்டிலயும் பொம்பிளப் புள்ளையள் ரெண்டு பேர் இரிக்காங்க" என்றார் எழும்பிக்கொண்டே. "நாளைக்கு அவங்களுக்கும் இப்பிடி ஒரு கேள்வி வந்தா, யாராவது நல்ல மனமுள்ளவன் நாலு வார்த்தை சொல்லோணும்தானே. இன்னும் கொஞ்சம் குழம்பு விடட்டா?"

எங்கள் ஊரில் ஒரு மனிதன் குடிக்கலாம், கடன் வாங்கித் திரும்பக் கொடுக்காமல் விடலாம், வரம்பு தள்ளி அயலவன் காணியைத் தின்னலாம். எல்லாவற்றையும் ஒருநாள் மன்னித்துவிடுவார்கள். ஒரு பெண்பிள்ளையின் கலியாணத்தைக் குழப்பினவனை மட்டும் மன்னிக்க மாட்டார்கள். அவனுடைய வீட்டுப் பெண்களையும் மன்னிக்க மாட்டார்கள். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் இருந்தாலே நான் அந்த வேலையைச் செய்தவன் ஆகிவிடுவேன். வாய் திறந்து உண்மையைச் சொன்னாலும் அதுதான். எப்படிப் புரட்டிப் பார்த்தாலும் எனக்கு ஒரேயொரு பதில்தான் மிச்சம் இருந்தது.

வீட்டுக்குத் திரும்புகிற வழியில் வலையிறவுப் பாலத்தில் மோட்டார் சைக்கிளை நிறுத்தினேன். பின்னேர வெயில். கீழே தோணிக்காரர் இருவர் வலை இழுத்துக்கொண்டு ஏதோ பெரிதாகச் சண்டை பிடித்தார்கள். நான் போனை எடுத்து எழுதினேன்.

"நான் இவருடன் படிக்கிறேன். நீங்கள் கேட்ட மோட்டார் சைக்கிள் பொடியன் நான்தான். திட்டத்துக்காகக் கடைகளின் விபரம் எடுக்கத்தான் இருவரும் போனோம். வேறு ஒன்றும் இல்லை. இவரைப் போல ஒரு கெட்டிக்காரப் பிள்ளையை, ஒளிவுமறைவு இல்லாத பிள்ளையை நான் காணவில்லை. கோபம் வரும், சாப்பிட்டால் போய்விடும். இந்த வீட்டுக்கு வருகிறவர் கொடுத்து வைத்தவர்."

கோபத்தைப் பற்றிய வசனத்தை அழித்தேன். பெரியம்மாவுக்கு அது ஒரு குறையாகப் பட்டாலும் படும். எனக்கு மட்டும் தெரிந்திருந்தால் போதும் என்று நினைத்தேன். "வேறு ஒன்றும் இல்லை" என்பதை மட்டும் பார்த்துக்கொண்டே நின்றேன். எவ்வளவு சின்ன வசனம். அனுப்பிவிட்டேன்.

ஆனால் அது ஊருக்குத் தெரிய வேண்டுமென்றால் அவள் அமத்த வேண்டும். எங்கள் ஒழுங்கு அப்படி.

அவள் அமத்தவில்லை. அடுத்த நாள் வகுப்புக்கு வந்தாள், வேறு வேலைகளைப் பார்த்தாள், என்னோடு கடைகளின் படங்களைப் பற்றிக் கதைத்தாள். திரையின் மூலையில் ஒரு பதிவு காத்திருக்கிறது என்று சிவப்பாகக் காட்டிக்கொண்டே இருந்தது. அவளும் அதைப் பார்த்தாள், நானும் பார்த்தேன். அதற்கடுத்த நாளும் அப்படியே. அவளுடைய அம்மா எனக்கு மறுபடியும் போன் எடுத்து, "எழுதினியா மனே, இன்னும் காணல்ல" என்றார். "எழுதிட்டன் அன்ரி, வரும்" என்றேன்.

திரும்ப எடுக்கிற பொத்தான் என் பக்கத்தில் இருந்தது. அவளே செய்து வைத்தது. ஒரு தட்டு போதும். அவள் எனக்காகத்தான் காத்திருக்கிறாள் என்று அப்போது எனக்கு விளங்காமல் இல்லை. நான் மடையன், ஆனால் அவ்வளவு பெரிய மடையன் இல்லை. விளங்கியது, நன்றாகவே விளங்கியது. வீட்டுக்குப் போனேன். தங்கச்சிமார் இரண்டு பேரும் வளவில் பாய் போட்டு இருந்து, யார் முதலில் குளிப்பது என்று அடிபட்டுக்கொண்டிருந்தார்கள். சின்னவள் என்னைக் கண்டதும், "அண்ணாவக் கேப்பம், அண்ணா ஞாயம் சொல்லும்" என்றாள். நான் போனைச் சட்டைப் பையில் போட்டுவிட்டேன்.

ஒரு காலையில் பார்த்தபோது அது வெளியாகியிருந்தது. என் பெயர், அதன் கீழே நான் எழுதியது, ஒரு சொல்லும் மாறாமல். யாரோ அதற்கு நன்றி சொல்லியிருந்தார்கள். இரண்டு கிழமைக்குள் கல்குடாவிலிருந்து ஆட்கள் வந்து கலியாணத்தை முற்றாக்கிவிட்டுப் போனார்கள்.

திட்டத்தை ஆசிரியர்களுக்கு முன்னால் சமர்ப்பித்த நாளில், மேற்பார்வைக்கு வந்த ஒரு சேர், இந்தத் தளத்தை ஆட்கள் நீங்கள் எதிர்பார்க்காத விதத்தில் ஏதும் பாவித்தார்களா என்று கேட்டார். அவள்தான் பதில் சொன்னாள். "ஓம் சேர். கலியாணத்துக்கு விசாரிக்கப் பாவிச்சாங்க."

"ஏதும் சரி வந்ததா?"

"ஒண்டு சரி வந்திருக்கு சேர்."

வகுப்பே சிரித்தது. அவளுடைய விஷயம் எல்லாருக்கும் தெரியும்தானே. நானும் சிரித்தேன், எல்லாரையும் விடப் பலமாகச் சிரித்தேன். எங்களுக்கு நல்ல புள்ளி கிடைத்தது. தளம் அதன் பிறகு கொஞ்ச காலம் ஓடி, பார்ப்பாரில்லாமல் நின்றுபோனது. மூத்த தங்கச்சிக்கு இப்போது வீடு கட்டிக் கொடுத்துவிட்டோம், சின்னவளுக்குச் சுவர் எழும்பியிருக்கிறது. களுவாஞ்சிக்குடிப் பக்கம் வேலைக்குப் போகும்போது ஆரையம்பதி தாண்டித்தான் போக வேண்டும். மற்ற ஊர்களில் காதலித்தவள் கலியாணம் முடித்து எங்காவது தூரத்துக்குப் போய்விடுவாள், மனிதன் மெல்ல மறந்துவிடலாம். எங்கள் ஊரில் அந்தக் கருணையும் இல்லை. அவள் அதே வீட்டில், அதே ரோட்டில்தான் இருக்கிறாள். அவளுடைய மனுசன் பின்னேரங்களில் கடையில் மாமனாருக்கு உதவியாக நிற்கிறார். ஒருமுறை பஸ் கடை வாசலில் நின்றபோது என்னைக் கண்டு கை காட்டினார். நல்ல மனிதர். அவருடைய பெரியம்மா நன்றாக விசாரித்துத்தான் அவரைக் கொடுத்திருக்கிறார், என் பதிலை மட்டும் அப்படியே நம்பிவிட்டார்.

கலியாண அட்டை தந்த அன்று நடந்ததைச் சொல்லாமல் இவ்வளவு தூரம் வந்துவிட்டேன். வேண்டுமென்றுதான் தள்ளிக்கொண்டு வந்தேன்.

வாவிக் கரையில் நாங்கள் வழக்கமாகத் தேத்தண்ணி குடிக்கிற கடை. காலை நேரம், வேறு ஆட்கள் இல்லை. அட்டையை மேசையில் வைத்தாள். உறையில் என் பெயரைத் தன் கையாலேயே எழுதியிருந்தாள். "அம்மா, தங்கச்சிமார் எல்லாரையும் கூட்டிக்கொண்டு வரோணும்" என்றாள். வருவேன் என்றேன். தேத்தண்ணி வந்தது.

"ஒண்டு கேக்கட்டா?" என்றாள்.

"கேள்."

"வேற ஒண்டும் இல்ல எண்டு எழுதியிருந்த. மெய்யாவே ஒண்டும் இல்லையா?"

என்னை நேராகப் பார்த்துக் கேட்டாள். அட்டை அடித்தாகிவிட்டது, நாள் வைத்தாகிவிட்டது, கூறைச்சேலைகூட எடுத்தாகிவிட்டது. அதையெல்லாம் தெரிந்துகொண்டுதான் கேட்டாள். நான் ஒரு சொல் சொல்லியிருந்தால் அவள் என்ன செய்திருப்பாள் என்று எனக்குத் தெரியாது. ஏதாவது செய்திருப்பாள். அவள் அப்படிப்பட்டவள்.

"எழுதினதுதான்" என்றேன்.

அவள் தலையை ஆட்டினாள். கோப்பையில் மிச்சம் இருந்ததைக் குடித்து முடித்தாள். அழவில்லை, ஏசவில்லை. ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"அப்ப நான் அமத்தினது சரி" என்றாள்.

"ஓம், சரி" என்றேன்.

சரியே இல்லை.